ஏற்றுவது பாடத்தில்... இறக்குவது பக்கெட்டில்!

"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதைதான் கேட்கிறார் என்று நினைத்தேன். நம் மலரில் காதல் கவிதைக்கு என்றைக்கும் பஞ்சம் கிடையாது (போன வருஷம் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன்!). எனக்குக் கவிதை வராது, கோபம்தான் வரும். "கோபத்தை எழுதலாமா அண்ணா?" என்றேன். "யார் மேல?" என்றார். "காஸ்டிக் சோடா மேல" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, எழுது" என்று போய்விட்டார்.

உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. கோபம் காஸ்டிக் மேல் இல்லை. அது பாவம், அதன் குணப்படி வேலை செய்கிறது. கோபம் என் மேல்தான். கொஞ்சம் நம் பாடத்தின் மேலும்.

நான் ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பையன். பெசன்ட் நகர் பீச்சுக்கு வருகிறவர்கள் உடைந்த பாலத்தில் நின்று போட்டோ எடுக்க எங்கள் பக்கமாகத்தான் போவார்கள். (1967-ல் கட்டியது. 1977-ல் அடையாறு அதன் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. பத்து வருஷம்தான் பாலமாக இருந்தது, மிச்சமெல்லாம் போட்டோவுக்குத்தான்.) எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். கடல் சரியில்லாத நாளில் முகத்துவாரத்தில் வீச்சு வலை. அம்மா அன்னக்கூடையில் மீன் விற்கிறார். அதனால் மிக்ஸி ஓடவில்லை, போட் இன்ஜின் இருமுகிறது, பக்கத்து வீட்டு ஃபேன் சுற்றவில்லை, எதுவானாலும் "தம்பி டிப்ளமா படிக்குது, அத்த கேளு" என்பார்கள். நானும் தெரிந்த மாதிரியே தலையாட்டுவேன். அப்படித் தலையாட்டித்தான் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன்.

முதலாண்டு கெமிஸ்ட்ரியில் "ஆனோடைசிங் - குறிப்பு வரைக" என்று ஒரு கேள்வி உண்டே, ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? நான் அதில் முழு மார்க். இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அலுமினியத் துண்டை பாசிட்டிவ் முனையில் தொங்கவிடு. கந்தக அமிலக் குளியல், நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு. சூடு 20 டிகிரி பக்கம். கரண்ட் விடு. பரப்பில் வரும் ஆக்ஸிஜன் அலுமினியத்தோடு சேர்ந்து அலுமினியம் ஆக்ஸைடு ஆகிறது. அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மைக்ரானுக்கு ஒரு தோல் வளர்கிறது. தோலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள். அதில் சாயம் ஏற்றலாம். பிறகு கொதிநீரில் போட்டால் குழிகள் மூடிக்கொள்ளும். வரையப் படம் உண்டு, ஐந்து மார்க்!

இதில் நம் புத்தகம் சொல்லாத ஒரு விஷயம் எங்க ஏரியாக்காரர்களுக்குப் பிடிக்கும். இந்த வித்தையே கடலுக்காகத்தான் வந்தது. 1923-ல் இங்கிலாந்தில் பென்கா, ஸ்டூவர்ட் என்ற இரண்டு பேர் குரோமிக் அமிலத்தில் இதை முதன்முதலாகத் தொழில் அளவில் செய்தார்கள். எதற்கு? கடல் விமானங்களின் டூராலுமின் பாகங்களை உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்க. நாம் இன்று படிக்கிற கந்தக அமில முறை அதற்கு நாலு வருஷம் கழித்து, 1927-ல் வந்தது. உப்புக் காற்று உலோகத்தை என்ன பாடு படுத்தும் என்று எங்கள் குப்பத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது.

சரி. ஏற்றுவது தெரிந்தது. இறக்குவது?

பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனோடைஸ் 'ஏத்துறது', 'எறக்குறது'. கலர் மாறிப்போனால் இறக்க வேண்டும். ஜிக்கில் சரியாகப் பிடிக்காமல் ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தால் இறக்க வேண்டும். பழைய பாகத்தை வெல்டு வைக்க வேண்டுமானால் அந்த இடத்தில் இறக்கியே ஆக வேண்டும். காரணம், அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் இருக்கிற ஆக்ஸைடு இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். எர்த் கொடுக்கிற இடத்திலும் இறக்க வேண்டும். நம்பாதவர்கள் ஒரு மல்டிமீட்டரை எடுத்து ஆனோடைஸ் செய்த ஜன்னல் சேனல் துண்டில் இரண்டு முனையையும் லேசாக வைத்துப் பாருங்கள், சத்தமே வராது. ஆணியால் இரண்டு இடத்தில் ஆழமாகச் சுரண்டிவிட்டு வையுங்கள்... பீப்! ஒரு மெல்லிய தோல்தான், ஆனால் கரண்டையே நிறுத்துகிறது.

இத்தனை வேலைக்கும் தேவைப்படுகிற இந்த இறக்கும் விஷயம் நம் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. பிராக்டிகலில் இல்லை. வைவாவில் இல்லை. எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கெட்டில்!

போன வருஷக் கோடை லீவில் கிண்டிப் பக்கம் ஒரு சந்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன் (பெயர் வேண்டாம். அவர்கள் எனக்குச் சோறு போட்டவர்கள்). ஃபீஸுக்கு ஆச்சு, அனுபவத்துக்கும் ஆச்சு என்று நினைப்பு. முதல் நாளே மாஸ்டர் "வாய்யா டிப்ளமா" என்றார். பெயரே அதுதான் ஆகிவிட்டது. டேங்க், ஜிக், ரெக்டிஃபையர் எல்லாம் படத்தில் பார்த்த மாதிரியே இருந்ததில் எனக்கு ஒரே பெருமை. கடைசியில் பின்பக்கம், கூரைக்கு வெளியே, ஒரு பழைய டிரம்மும் நாலு பிளாஸ்டிக் பக்கெட்டும். படத்தில் இல்லாத இடம் அது. அங்கே ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் வேலை பார்த்தான். என் வயசுதான் இருக்கும். "எறக்குற வேலை இவனுது" என்றார் மாஸ்டர். கையில் உறை கிடையாது. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. காலில் ரப்பர் செருப்பு.

மூன்றாவது வாரம், டிரம்மில் கரைசல் நீர்த்துப் போச்சு, கொஞ்சம் புதுசாகக் கலந்து ஊற்று என்று எனக்கு உத்தரவு. ஒரு பக்கெட்டில் காஸ்டிக் செதில் கால்வாசி இருந்தது. நான் என்ன செய்தேன்? பக்கத்தில் இருந்த வெந்நீரை எடுத்து அதன் மேல் ஊற்றினேன்.

சோடியம் ஹைட்ராக்ஸைடு தண்ணீரில் கரையும்போது வெப்பம் வெளியாகும் என்று நான் எழுதியிருக்கிறேன். அதற்கு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஊற்றுகிற நேரத்தில் அந்த வரி எங்கே போனதோ தெரியவில்லை. பக்கெட் உறுமியது. அந்தப் பையன் என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, "பஹலே பானி! பஹலே பானி!" என்று கத்தினான். முதலில் தண்ணீர், பிறகு சோடா என்று அர்த்தம். கத்தி முடிப்பதற்குள் அது பொங்கித் தெறித்தது. எனக்கு ஒரு சொட்டும் படவில்லை. அவன் முழங்கைக்குக் கீழே பட்டது.

காஸ்டிக் பட்டால் உடனே 'ஆ' என்று அலற மாட்டோம், அதுதான் அதன் மோசமான குணம். முதலில் சோப்பு போட்ட மாதிரி வழவழப்பாக இருக்கும். தோலில் இருக்கிற கொழுப்பையே சோப்பாக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வலி தெரிகிற நேரத்தில் ஆழம் போயிருக்கும். அவன் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். யாரோ எலுமிச்சம்பழம் கொண்டு வந்தார்கள், யாரோ பற்பசை கொண்டு வந்தார்கள். அவன் இரண்டையும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தண்ணீரிலேயே வெகுநேரம் வைத்திருந்தான். அதுதான் சரியான முதலுதவி என்று பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா சொன்னார். குறைந்தது இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீர், அமிலத்தை வைத்து 'சரிக்கட்ட'ப் பார்க்கவே கூடாது, அதனால் இன்னும் சூடுதான் கிளம்பும்.

ஐந்து மார்க் வாங்கியவன் ஊற்றினான். பள்ளிக்கூடம் பாதியில் விட்டவன் காப்பாற்றினான். அவனுக்கு மூன்று நாள் சம்பளம் போச்சு. எனக்குப் பிடிக்கவில்லை... சம்பளத்தைத்தான் சொல்கிறேன். நான் 'படிக்கிற பையன்' அல்லவா!

இதற்கு மேல் அந்த மூன்று நாளும் பின்பக்க வேலை எனக்கு வந்தது. அப்போதுதான் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன், இந்த டிரம்முக்குள் என்னதான் நடக்கிறது?

ஆக்ஸைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். இரண்டுங்கெட்டான். அலுமினியமும் அப்படித்தான். காஸ்டிக்கில் போட்டால் முதலில் தோல் கரைகிறது. அப்போது பெரிய ஆரவாரம் இருக்காது. தோல் முடிந்து உலோகம் வெளியே வந்ததும் கரைசல் நுரைத்துப் பொங்கும். அது ஹைட்ரஜன். அதாவது குமிழி வர ஆரம்பித்தால் வேலை முடிந்துவிட்டது, துண்டை வெளியே எடு என்று அர்த்தம். ஆனால் அந்தப் பக்கெட்டைச் சுற்றி நிற்கிற யாரைக் கேட்டாலும் "நல்லா பொங்குது, இப்பத்தான் வேலை நடக்குது" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 54 கிராம் அலுமினியம் கரைந்தால் 67 லிட்டர் அளவுக்கு ஹைட்ரஜன் வரும், கணக்கு போட்டுப் பாருங்கள். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு இருந்தாலே தீப்பிடிக்கிற வாயு. எங்கள் பட்டறையில் பின்பக்கம்தான் பீடி குடிக்கிற இடமும்.

காஸ்டிக்குக்கு நிறுத்தத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்பது பிறகு உறைத்தது. அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்தால் அம்மா திட்டுவார்: "கறுத்துப் பூடும்டா, ஓட்ட வுழும்." சித்தப்பா பெசன்ட் நகர் ஃபிளாட்டுகளில் அலுமினிய ஜன்னல் மாட்டுகிறவர். பூச்சு வேலை முடியாத இடத்தில் சேனலுக்கு டேப் ஒட்டாமல் விடமாட்டார். ஈரச் சிமெண்ட் தெறித்துக் காய்ந்துவிட்டால் பிரவுன் கலர் சேனலில் வெள்ளைத் திட்டு விழும். அதை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. சிமெண்டில் இருக்கிற காரம் தோலைத் தின்றுவிட்ட இடம் அது. இதே வேதியியலை ஒருத்தர் பாத்திரத்தில் வைத்திருக்கிறார், ஒருத்தர் டேப்பில் வைத்திருக்கிறார். நான் நோட்டில் வைத்திருந்தேன்.

இன்னொரு சமாச்சாரம். மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஆனோடைஸ் தோல் பெயிண்ட் மாதிரி மேலே வந்து உட்கார்ந்தது இல்லை. உலோகமே தோலாக மாறியது. பாதி மேலே வளரும், பாதி உள்ளே போகும் என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அதை இறக்கிவிட்டால் பழைய அளவு திரும்பி வருமா? வராது! ஹார்ட் ஆனோடைஸ் 50 மைக்ரான் ஏற்றிய ஒரு துளையை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 25 மைக்ரான் உலோகம் தோலாகிவிட்டது. இறக்கினால் விட்டம் முதலில் இருந்ததைவிட 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. பெரிசு. நம் மெட்ராலஜி பாடத்தில் 25 மி.மீ. எச்7 துளைக்கு அனுமதி எவ்வளவு? வெறும் 21 மைக்ரான்! காஸ்டிக் ஒரு நிமிஷம்கூட அதிகம் தின்னவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஜாப் ரிஜெக்ட். மரை இருந்தால் இன்னும் மோசம், 60 டிகிரி மரையில் பக்கத்துக்கு ஏற்படுகிற மாற்றம் பிட்ச் விட்டத்தில் நாலு மடங்காகத் தெரியும்.

எங்கள் பட்டறையில் நாற்பது ஹவுஸிங் இப்படிப் போச்சு. துளையை அடைக்காமல் ஏற்றிவிட்டார்கள், பிறகு கலர் சரியில்லை என்று இறக்கினார்கள். பேரிங்கைக் கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே போய் மறுபக்கம் விழுந்தது. மாஸ்டர் "காஸ்டிக் கம்பெனி மாத்தணும்" என்றார். எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால், இறக்குவதற்கு முன்பே டிராயிங்கைக் கேட்டிருப்பேன்.

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்து, கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கி, அதில் போட்டால் தோல் மட்டும் கரையும், உலோகத்தைத் தொடாது. தோல் எத்தனை எடை என்று சோதனைச் சாலையில் அளக்கிறவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இறக்குவதற்கு முன் ஒரு எடை, பின் ஒரு எடை, அவ்வளவுதான். அருமையான முறை. ஆனால் அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இலட்சம் டன்னுக்கு மேல். ஆலை மூடி இத்தனை வருஷமாகியும் அந்த வட்டாரத்து நிலத்தடி நீருக்கு அது ஏற்படுத்திய கேட்டைப் பற்றிப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். துளை அளவு தப்பிக்க, கிணற்றை இழப்பதா? ஆகவே சந்துப் பட்டறைக்கு அதைச் சிபாரிசு செய்ய நான் தயாராக இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை எர்த் கொடுக்கிற இடம், வெல்டு வைக்கிற இடம் மாதிரிச் சின்ன இடத்துக்குச் சரி. முழுப் பாகத்துக்கு என்றால், சுற்றிச் சுற்றி காஸ்டிக்குக்குத்தான் வருவோம். வந்தால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்: எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எப்போது எடுப்பது, எடுத்த பிறகு துண்டின் மேல் படிகிற கறுப்பை எப்படி நைட்ரிக்கில் நீக்குவது... இது எதுவுமே எங்கள் பட்டறையில் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. நம் கல்லூரியிலும் இல்லை.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

லீவு முடிகிற நேரம். ஒரு ராத்திரி அப்பா வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் பெருமையாக (ஆமாம், அத்தனைக்குப் பிறகும் பெருமைதான்) டிரம், குமிழி, தோல் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்:

"அந்தத் தண்ணி எங்கடா போவுது?"

நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை டிரம்மைச் சாய்ப்பதில் நானும் ஒரு கை பிடித்திருக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய். கால்வாய் போய்ச் சேருவது அடையாறு. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டி ஆறு வந்து சேருவது எங்கள் குப்பத்து முகத்துவாரம். அப்பா வீச்சு வலை போடுகிற இடம். மடவையும் இறாலும் குஞ்சாக உள்ளே வந்து வளர்கிற இடம். ஆற்றில் எங்கள் டிரம் மட்டுமா கலக்கிறது, ஊர்ச் சாக்கடையே கலக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

ஆற்றில் விடுகிற கழிவு நீருக்கு பி.எச். 5.5-லிருந்து 9-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் டிரம்மில் ஒரு பி.எச். பேப்பரை நனைத்திருந்தால் அது கருநீலத்துக்குப் போய் நின்றிருக்கும். அதில் கரைந்த அலுமினியம் வேறு. ஆற்றுத் தண்ணீர் பட்டு பி.எச். இறங்கியதும் அது வெள்ளைக் குழம்பாகப் பிரியும். மீனுக்குச் செவுளில் அலுமினியம் படிந்தால் மூச்சு முட்டும்.

இத்தனைக்கும் மருந்து அந்தப் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது நண்பர்களே! முன்பக்கம் ஆனோடைஸ் டேங்கில் வேலை முடிந்த கந்தக அமிலம், அதையும் கொட்டத்தான் போகிறார்கள். பின்பக்கம் வேலை முடிந்த காஸ்டிக். ஒன்று அமிலம், ஒன்று காரம். இரண்டையும் தனித்தனியாகக் கால்வாயில் விடுவதற்குப் பதில், ஒரு தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். பி.எச். ஏழு பக்கம் வந்ததும் அலுமினியம் ஹைட்ராக்ஸைடு கஞ்சி மாதிரிப் பிரிந்து அடியில் இறங்கும். வேண்டியது ஒரு தொட்டி, ஒரு கட்டு பி.எச். பேப்பர், பொறுமை. அவசரப்பட்டு ஊற்றினால் பக்கெட் கதைதான்.

"சின்னப் பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஆகவில்லை என்று சொல்ல? நம் ஊரில் அலுமினியத் தொழில் தொடங்கிய கதை தெரியுமா? 1898-ல் சாட்டர்டன் என்கிற இன்ஜினியரிங் பேராசிரியர், மதராஸ் ஓவியப் பள்ளியில் (இன்றைக்கு எழும்பூர்ப் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி) கைவினைஞர்களை வைத்து அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். ஐந்து வருஷத்தில் அது தனிக் கம்பெனியாகப் போகிற அளவுக்கு வளர்ந்தது. அம்மா தலையில் சுமக்கிற அன்னக்கூடைக்கு அங்கேதான் தொடக்கம். வாத்தியார் பட்டறைக்குப் போனார், அதுதான் நான் சொல்ல வருவது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தத் துறைக்கென்றே இருக்கிற நிலையம், நம் தமிழ்நாட்டிலேயே! அங்கே இருக்கிற அறிவு கிண்டிச் சந்துக்கு வர வேண்டுமானால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். மேலே ஆராய்ச்சிக்காரர், கீழே பக்கெட்டுக்காரர். நடுவில் யார்? டிப்ளமாக்காரன்தான். சூப்பர்வைசர் வேலைக்கு நம்மைத்தானே எடுக்கிறார்கள்?

அதனால் என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. புதுக் கட்டடம் கேட்கவில்லை, ஏ.சி. கேட்கவில்லை. கெமிஸ்ட்ரி லேபில் ஒரே ஒரு பரிசோதனை: ஆனோடைஸ் சேனல் துண்டை இறக்குவது, எடை பார்ப்பது, மைக்ரோமீட்டரில் அளப்பது, கடைசியில் அந்தத் தண்ணீரைச் சரிசெய்வது. இந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் பாதி மார்க் வைக்க வேண்டும் என்பேன். கேட்டால் "காஸ்டிக் ஆபத்து, பசங்க கையில கொடுக்கக் கூடாது" என்கிறார்கள். ஐயா, இங்கே சார் பக்கத்தில் நிற்பார், உறை இருக்கும், கண்ணாடி இருக்கும், குழாய் இருக்கும். இங்கே கற்றுக்கொள்ளாதவன் நாளைக்கு எங்கே கற்றுக்கொள்வான்? நான் எங்கே கற்றேன், யார் கையில் கற்றேன் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

(இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு பாத்ரூமில் முயற்சி செய்ய வேண்டாம். உங்கள் அம்மா என்னைத் தேடி வருவார்.)

கேட்டதற்குக் கொஞ்சம் பலனும் கிடைத்தது. சென்ற மாதம் கெமிஸ்ட்ரி சார், கிளாஸ் முடிந்த பிறகு, தாமே பக்கத்தில் நின்று ஒரு தடவை செய்ய விட்டார். சித்தப்பா கொடுத்த இயற்கைக் கலர் சேனல் துண்டு ஒன்று. அரை லிட்டர் தண்ணீர், முதலில் தண்ணீர்! அதில் 25 கிராம் காஸ்டிக், சிட்டிகை சிட்டிகையாக. துண்டைப் போட்டோம். காத்திருந்தோம். லேசாகக் குமிழி வர ஆரம்பித்து, பரப்பு முழுக்க நுரைக்கிற நேரத்தில் எடுத்துவிட்டேன். கழுவி, மல்டிமீட்டர் வைத்தேன். சுரண்டாமலே பீப்! பிறகு நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. திடீரென்று பீக்கர் முழுக்கப் பால் மாதிரி ஆனது. மறுநாள் காலையில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளைக் கஞ்சி. பி.எச். பேப்பரைத் தொட்டால் பச்சை.

போனில் போட்டோ எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மேல கீற தண்ணி சரி. அடியில கஞ்சி மாரி கீதே, அத்த எங்க கொட்டுவ?"

சாயம் கலக்காத கஞ்சியாக இருந்தால், கந்தக அமிலம் சேர்த்து, தண்ணீரைத் தெளியவைக்கிற படிகாரச் சரக்காக மாற்றலாம் என்று சொன்னேன். சாயமும் நிக்கலும் கலந்த பட்டறைக் கஞ்சியை அப்படிச் செய்ய முடியாது, அதைத் தனியாகச் சேர்த்துக் கணக்கு எழுதி ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னேன். "யார்கிட்ட?" என்றார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி கொடுத்த இடத்தில் என்றேன். "உங்க பட்டறையில குடுக்கறாங்களா?" என்றார்.

அந்த பீக்கர் கஞ்சியை மூடி போட்ட பாட்டிலில் மாற்றி, தேதி எழுதி, லேப் அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த செட் பசங்களுக்குக் காட்ட வேண்டும், கொட்டிவிடாதே என்று சார் சொல்லியிருக்கிறார்.